போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ, கல்லூரி, நீட், டிஎன்பிஎஸ்சி என்று எதற்குப் படிப்பவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றோர் கேட்பது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் கணக்கு டியூஷன் எடுப்பவன், அதனால் உதாரணங்கள் கணக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வு உறுதியாக நிற்கிறது, எதில் இன்னும் இழுபறி என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "ஆய்வு முடிவு"களில் பாதி, யார் எங்கே செய்தது என்றே இல்லாமல் சுற்றுபவை.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யவே முடியாதா? எங்கள் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறாரே?

நறுக்குவார். கை பழகிய வேலை அது. ஆனால் சீரியலில் யாராவது யாரையாவது அறையப் போகிற நேரத்தில் கவனித்துப் பாருங்கள், கத்தி அப்படியே நின்றுவிடும். ஒன்று பழக்கத்தில் ஓடுகிற வேலை, இன்னொன்று யோசிக்க வேண்டிய வேலை என்றால் இரண்டும் ஓரளவு சேர்ந்து போகும். இரண்டுமே யோசிக்க வேண்டியவை என்றால் போகாது. அதிலும் பாடம் படிப்பது, சாட் பண்ணுவது என்று இரண்டுமே சொற்களால் ஆன வேலையாக இருந்தால் சுத்தமாகப் போகாது. மூளை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தாவிக்கொண்டே இருக்கும், அந்தத் தாவல் வேகமாக நடப்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்கிறோம் என்று நமக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள், போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும் (இதற்கு மட்டும் எடுக்கலாம்). அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்தை ஒரு வரியில் எழுதுங்கள், அடுத்த வரியில் 1 முதல் 12 வரை எழுதுங்கள். எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அதையே மாற்றி மாற்றி எழுதுங்கள்: அ, 1, ஆ, 2, இ, 3 என்று. மொத்தம் அதே இருபத்துநான்குதான், எல்லாம் எல்கேஜியில் படித்தது. ஆனாலும் எ, ஏ பக்கம் வரும்போது பேனா தடுமாறும், ஏழா எட்டா என்று ஒரு நொடி யோசிப்பீர்கள், நேரமும் கூடியிருக்கும். ஆர்தர் ஜெர்சில்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1927-லேயே இதே மாதிரி சோதனைகள் வைத்து, வேலையை மாற்றி மாற்றிச் செய்தால் நேரம் கூடுகிறது என்று காட்டிவிட்டார். வீட்டில் டிவிகூட இல்லாத காலம் அது.

உயிரெழுத்துக்கே இந்தக் கதி. வகையீடும் இன்ஸ்டாவும் மாறி மாறி வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நம் ஊர் சதாவதானிகள் எப்படிச் செய்தார்கள்?

இதை யாராவது ஒருவர் கேட்டுவிடுவார், கேட்க வேண்டிய கேள்வியும்தான். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துப் பதில் சொல்லும் வித்தை, நிகழ்த்திக் காட்டினார். அவதானத்தில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் பின்னாலிருந்து முதுகில் சிறு கல்லையோ நெல்லையோ எறிந்துகொண்டே இருப்பார், நடுவே மணி அடிக்கும், கடைசியில் எத்தனை கல், எத்தனை மணி என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஆனால் நன்றாகப் பாருங்கள். அவதானி எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் பதில் சொல்வதில்லை, ஒன்றை முடித்தோ பாதியில் நிறுத்தியோ அடுத்ததற்குப் போகிறார், பிறகு விட்ட இடத்துக்கே பிசகாமல் திரும்பி வருகிறார். அந்தத் திரும்பி வருவதுதான் வித்தை, அதற்கு வருஷக்கணக்கில் பயிற்சி. அதைவிட முக்கியமான விஷயம், மேடையில் அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. யாப்பும் புராணமும் கணக்கும் ஏற்கெனவே மண்டைக்குள் இருக்கின்றன, எடுத்துக் கொடுக்கிறார். முதுகில் கல் விழ விழ உட்கார்ந்து யாப்பிலக்கணம் படித்தவர் என்று யாரையும் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் செய்ய நினைப்பது அதைத்தான்.

எனக்கு மல்டிடாஸ்கிங் நன்றாகவே வருகிறது, மார்க்கும் வருகிறது. நான் ஏன் மாற வேண்டும்?

முதலில் "நன்றாக வருகிறது" என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்து, ஓட்டிக்கொண்டே போனில் மனக்கணக்கும் ஞாபகச் சோதனையும் செய்யச் சொன்னார்கள். 2010-ல் வந்த முடிவு: இரண்டையும் சேர்த்துச் செய்தும் எதிலும் சறுக்காதவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர். அதாவது அந்த 200 பேரில் ஐந்து பேர். அதே குழுவின் 2013 ஆய்வு இன்னும் சுவாரசியம்: அடிக்கடி பல வேலையைச் சேர்த்துச் செய்பவர்கள்தான் அதில் மோசமாகச் செய்தார்கள், தங்களுக்கு அது நன்றாக வரும் என்ற எண்ணமும் உண்மையான திறமையைவிட எக்கச்சக்கமாக இருந்தது. ஆக, "எனக்கு வரும்" என்ற உங்கள் நம்பிக்கையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. தப்பாக நினைக்க வேண்டாம், என் நம்பிக்கையையும் அப்படித்தான்.

ஸ்டான்ஃபோர்டில் 2009-ல் நடந்த ஆய்வு இதைவிடப் பிரபலம். பல திரைகளோடு வாழ்பவர்கள் தேவையில்லாததை ஒதுக்கித் தள்ளுவதில் பின்தங்கினார்கள் என்றது அது. ஆனால் பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குத் தெளிவாக வரவில்லை. அதனால் "போன் மூளையை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்" என்று யாராவது அதைக் காட்டி மிரட்டினால் நம்ப வேண்டாம்.

இப்போது மார்க். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 2006-ல் ஒரு சோதனை நடந்தது. படங்கள் போட்ட அட்டைகளைக் காட்டி, மழையா வெயிலா என்று கணிக்கப் பழக்கினார்கள். ஒருமுறை அமைதியாக, இன்னொரு முறை நடுநடுவே ஒலிக்கும் ஓசைகளை எண்ணிக்கொண்டே. கணிப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் அதே விஷயத்தை வேறு மாதிரிக் கேட்டபோது, ஓசையை எண்ணிக்கொண்டே கற்றதைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியவில்லை. மூளைப் படத்திலும் வித்தியாசம் தெரிந்தது: அமைதியாகக் கற்றபோது நிகழ்வுகளை ஞாபகம் வைக்கும் பகுதி வேலை செய்தது, கவனம் பிரிந்தபோது பழக்கங்களைப் பதிய வைக்கும் பகுதிக்கு வேலை போய்விட்டது.

இதை நம் பள்ளி மொழியில் சொன்னால்: புக் பேக் கேள்வி வந்தால் எழுதிவிடுவீர்கள், அதே கேள்வியை எண்ணை மாற்றி, கொஞ்சம் திருப்பிக் கேட்டால் "இது போர்ஷன்லயே இல்ல சார்" என்பீர்கள். மாதத் தேர்வில் 90 வாங்கிய பிள்ளைகள் நீட்டில் திணறுவதற்குப் பல காரணம் உண்டு, எல்லாவற்றையும் போன் தலையில் கட்ட மாட்டேன், ஆனால் இது அதில் ஒன்று என்பது என் கருத்து.

ஒரு மெசேஜ் பார்க்கப் பத்து வினாடி. அதில் என்ன போய்விடப் போகிறது?

பத்து வினாடி போகாது, அதற்குப் பிறகு வருவது போகும்.

நோட்டுப் புத்தகத்திலேயே இதைப் பார்க்கலாம். அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் 3, உள்ளே இரண்டு உறுப்பு. முதல் உறுப்பைப் பெருக்கி மைனஸ் போட்டு எழுதியாயிற்று. போன் அதிர்கிறது: "மச்சி நாளைக்கு ரெக்கார்டு நோட் சப்மிட் பண்ணணுமா?" எடுக்கக்கூட இல்லை, திரையில் ஓடியதைக் கண் படித்துவிட்டது. திரும்பி வந்து இரண்டாவது உறுப்பைப் பெருக்குகிறீர்கள். எண் சரி. குறி மட்டும் மாறாமல் நிற்கிறது. அந்த மைனஸ் தாளில் இல்லை, உங்கள் ஞாபகத்தில் இருந்தது, ரெக்கார்டு நோட் வந்து உட்கார்ந்ததும் அது இறங்கிவிட்டது. அப்புறம் நாலு வரி கழித்து விடை வராமல், ஃபார்முலா தப்பா, கேள்வி தப்பா, புத்தகத்தில் அச்சுப் பிழையா என்று கால் மணி நேரம் தேடுவீர்கள். "சில்லி மிஸ்டேக்" என்று எல்லோரும் செல்லமாகச் சொல்கிறார்களே, அதில் கணிசமானவை இப்படிப் பிறந்தவைதான்.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதைச் சோதித்தார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலை நடக்கும்போது சிலருக்கு அழைப்போ மெசேஜோ வரும்படி செய்தார்கள். போனைத் தொடாதவர்களுக்கும் தவறுகள் கூடின, சத்தமோ அதிர்வோ கேட்டாலே போதுமானதாக இருந்தது. யாராக இருக்கும் என்று மனது கிளம்பிவிடுகிறது.

இன்னொன்று, முடியாத வேலை மனதில் ஒட்டிக்கொண்டே வரும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை எழுதினார்: ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சாட் என்பது எப்போது முடிந்திருக்கிறது? நீங்கள் பதில் போட்டீர்கள், புளூ டிக் வந்ததா, "டைப்பிங்" காட்டியதே, என்ன எழுதுகிறான்... புத்தகம் திறந்திருக்கும், பக்கம் திரும்பாது.

இதெல்லாம் மன உறுதி இல்லாத சில பிள்ளைகளின் கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 263 மாணவர்களை அவர்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்திலேயே உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுத்தார், வெறும் 15 நிமிடம். முக்கியமான பாடத்தைப் படியுங்கள் என்றும் சொல்லியாயிற்று. சராசரியாக ஆறு நிமிடத்துக்குள் வேறு எதற்கோ தாவிவிட்டார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்படி என்றால், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும்போது எப்படி இருக்கும்? 2013-ல் வெளியான ஆய்வு இது, ரீல்ஸ் எல்லாம் வருவதற்கு முன்பு.

சைலன்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாதா?

சத்தம் போடுவதைவிடப் பரவாயில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 2017-ல் வந்த ஆய்வில், சைலன்டில் போட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட, போனை வேறு அறையில் விட்டவர்கள் ஞாபகச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பிறகு இதைத் திரும்பச் செய்தவர்களில் சிலருக்கு அந்த வித்தியாசம் வரவில்லை, ஆக இது முடிந்த முடிவல்ல.

ஆனாலும் வேறு அறையில் வையுங்கள் என்றுதான் சொல்வேன், காரணம் சாதாரணமானது. கை நீட்டினால் எட்டும் பொருளை யோசிக்காமல் எடுப்போம், எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதி வழியில் "எதுக்குப் போறோம்?" என்று ஒரு கேள்வி வரும். அது போதும். ஒரே அறை வீடு என்றால் அம்மாவிடம் கொடுங்கள், அல்லது பீரோவில் துணிக்கு அடியில், சுவிட்ச் ஆஃப் செய்து. ஆன் ஆக எடுக்கும் நேரமே ஒரு வேலிதான்.

பாடமே போனில்தான் வருகிறது. ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில், நோட்ஸ் டெலிகிராமில், கிளாஸ் யூடியூபில். எப்படித் தள்ளி வைப்பது?

இதுதான் உண்மையான கேள்வி, மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை என்றே வைத்துக்கொள்ளலாம். "போனைத் தொடாதே" என்று அறிவுரை சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்வதே இல்லை.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று பாருங்கள். 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடு வந்தது, ஸ்கேன் பண்ணினால் வீடியோ. நல்ல நோக்கம்தான், ஆனால் புத்தகமே பிள்ளையைப் போனுக்கு அனுப்புகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி இருந்தாலும் தனியார் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆன்லைன் வகுப்புக்குப் போயின, அதுவரை பிள்ளைக்குப் போன் கிடையாது என்று பிடிவாதமாக இருந்த வீடுகளும் கடன் வாங்கி ஒரு போன் வாங்கின. அதே சமயம் இன்னொன்று நடந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அந்த இடத்தைப் பிடிக்க ஜூலையிலேயே ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. டிக்டாக் தனி ஆப், அதை அழித்தால் போயிற்று. ஷார்ட்ஸ் வந்து உட்கார்ந்ததோ, ஆன்லைன் வகுப்பும் கணக்கு வீடியோவும் இருக்கிற அதே யூடியூபுக்குள். கரும்பலகையும் தெருக்கூத்தும் ஒரே சுவரில் என்றால் பிள்ளை எதைப் பார்க்கும்? அதனால் பிள்ளைக்கு உறுதி இல்லை என்று திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடத்தையும் வேடிக்கையையும் மறுபடி பிரிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கைவேலை தேவைப்படும்.

யூடியூபிலிருந்து தொடங்குங்கள். வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் ஹோம் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகிவிடும், 2023-லிருந்து அப்படி வைத்திருக்கிறார்கள். ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். பாட வீடியோக்களை முன்னாடியே தேடி ஒரு பிளேலிஸ்டில் போட்டு, டவுன்லோட் ஆகிறவற்றை டவுன்லோட் செய்துவிட்டு, படிக்கும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள். தேடுவது ஒரு நேரம், படிப்பது வேறு நேரம். இந்த ஒன்றைப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும், ஏனென்றால் வழி தவறுவது பெரும்பாலும் தேடும்போதுதான்.

பிடிஎஃப் நோட்ஸை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுங்கள். எல்லாவற்றையும் வேண்டாம், காசு ஆகும், இந்த வாரம் படிக்கப் போகிற பாடத்தை மட்டும் இரண்டு பக்கமும் எடுத்தால் ஒரு பரோட்டா செட்டைவிடக் குறைவாகத்தான் வரும். டெலிகிராமில் நானூறு பிடிஎஃப் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், திறந்தது நாலு இருக்கும். சேர்ப்பது படிப்பது ஆகாது.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. வாத்தியார் போட்ட ஒரு முக்கியமான மெசேஜுக்குக் கீழே "ஓகே சார்" நாற்பது, "தேங்க்யூ சார்" முப்பது, நடுவே ஒரு குட்மார்னிங் பூ. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று குரூப் செட்டிங்கை மாற்றிவிடுங்கள், ஹோம்வொர்க்கை மாலையில் ஒரே மெசேஜாகப் போடுங்கள், இராத்திரி பத்தரைக்கு "நாளை டெஸ்ட்" என்று போடாதீர்கள். மாணவர்கள் குரூப்பை மியூட் செய்துவிட்டு, சாயங்காலம் ஒருமுறை பார்த்து ஹோம்வொர்க்கைத் தாளில் எழுதிக்கொண்டு மூடிவிடுங்கள். அவசரம் என்றால் நண்பன் போன் பண்ணுவான்.

வீட்டில் டிவியிலோ பழைய லேப்டாப்பிலோ வீடியோ பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அரசு கொடுத்த இலவச லேப்டாப் தூசி படிந்து பரணில் கிடக்கும் வீடுகள் நிறைய, வாட்ஸ்அப் ஏற்றாத அந்த மெதுவான பெட்டி படிப்புக்கு எவ்வளவோ மேல்.

வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் பார்க்கலாமா?

பார்க்கலாம். கலிபோர்னியாவில் சோதித்தபோது இரட்டை வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை, அதற்கு மேல்தான் சறுக்கியது. ஆனால் அது விரிவுரை மாதிரி வீடியோக்கள். கணக்கை அப்படிப் பார்க்காதீர்கள், வாத்தியார் போடுவதற்கு முன் நீங்கள் போட்டுப் பார்க்க நிறுத்த வேண்டும். எந்த வேகத்தில் பார்த்தாலும், முடிந்ததும் மூடிவிட்டு என்ன சொன்னார் என்று தாளில் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, மூடிவைத்து நினைவுபடுத்தி எழுதுவது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் காட்டினார்கள். நம் தாத்தாக்கள் ஒப்பிக்கச் சொன்னதும் பாதி இதுதான்.

பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா?

படிக்கிற வேலையைப் பொறுத்தது. வரி உள்ள பாட்டு, அதுவும் உங்களுக்குப் புரியும் மொழியில் என்றால், வாசிப்பதற்கு இடைஞ்சல்தான். பிடித்த பாட்டாக இருந்தாலும் அப்படித்தான். ரெக்கார்டு நோட்டில் படம் வரைய, பழகிய கணக்கைத் திரும்பப் போட, பாட்டு ஓடட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. வரி இல்லாத இசை பரவாயில்லை. பாட்டு மாற்றப் போனை எடுத்தால் ஆட்டம் குளோஸ்.

வகுப்பில் நான் லேப்டாப்பில் எதையோ பார்த்தால் மற்றவர்களுக்கு என்ன?

நிறைய இருக்கிறது. கனடாவில் 2013-ல் வெளியான ஆய்வில், வகுப்பு நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலையும் பார்த்தவர்கள் பிறகு வைத்த தேர்வில் 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்து, தாளில் ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இரண்டும் தனித்தனிச் சோதனை, எண்ணை நேராக ஒப்பிடக் கூடாது, ஆனால் பக்கத்துத் திரை பாவமறியாதவனையும் இழுக்கிறது என்பது தெளிவு. பொறியியல் கல்லூரியில் நடு பெஞ்சில் கிரிக்கெட் ஓடினால் முன்னால் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை, பின்னால், பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கேடு. நீங்கள் இடம் மாறி முன்னால் போய் உட்காருவது ரோஷக் குறைவில்லை.

அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்டில் பொருளாதார வகுப்புகளைப் பிரித்துப் பார்த்தபோதும், லேப்டாப், டேப்லெட் அனுமதித்த வகுப்புகள் தேர்வில் பின்தங்கின. அங்கே ஒழுக்கம் பற்றிக் கேட்கவே வேண்டாம், ராணுவம். அவர்களுக்கே அப்படி.

படிக்கும்போது டவுட் வந்தால் கூகுள் பண்ணவோ ஏஐயிடம் கேட்கவோ கூடாதா?

கேளுங்கள், அந்த நிமிஷமே கேட்க வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் டவுட்டை எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள், உட்கார்ந்த வேலை முடிந்ததும் மொத்தமாகத் தேடுங்கள். பாதி டவுட் அடுத்த பக்கத்திலேயே தீர்ந்திருக்கும். மீதிப் பாதியை ஐந்து நிமிடமாவது நீங்களே முட்டிப் பார்த்திருப்பீர்கள், அப்போது கிடைக்கும் பதில் மண்டையில் ஏறும். முட்டாமலே கிடைத்த பதில் "ஓ, அப்படியா" என்று போய்விடும்.

பெற்றோர் கேட்பது: போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பத்து, பன்னிரண்டு வயது என்றால் நீங்கள் தாராளமாக முடிவெடுக்கலாம். பிளஸ் டூ பிள்ளையிடம் பிடுங்கினால் சண்டை வரும், இரண்டாவது போன் வரும், அல்லது நண்பன் வீட்டில் "குரூப் ஸ்டடி" வரும். பேசி நேரம் குறித்து, தானே கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கும்படி செய்வது கஷ்டம்தான், ஆனால் நிற்கும்.

பள்ளிகள் தடை செய்வதால் பலன் உண்டா என்றும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் பள்ளிகளைப் பார்த்த ஒரு ஆய்வில் தடைக்குப் பிறகு மதிப்பெண் கொஞ்சம் ஏறியது, அதிலும் ஏற்றம் படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு. நன்றாகப் படிப்பவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. சுவீடனில் அதே மாதிரிப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. பிரான்ஸ் 2018-லேயே பள்ளிகளில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. என்னைக் கேட்டால் பள்ளி நேரத்தில் தடை சரி, அதிலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பது தப்பு.

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை உள்ளே படிக்கிறது, ஹாலில் அப்பா ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓட்டுகிறார், ஒரே சிரிப்புச் சத்தம் திரும்பத் திரும்ப. அம்மா வாசலில் நின்று "போனை வெச்சுட்டுப் படி" என்கிறார், கையில் போன். படிக்கிற இரண்டு மணி நேரம் வீட்டில் எல்லார் போனும் ஒரே அலமாரியில் கிடக்கட்டும். இதைச் செய்த வீடுகளில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள் என்று கேள்வி.

ஃபோகஸ் ஆப், 25 நிமிட முறை எல்லாம் உதவுமா?

உதவும், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்பதை 1980-களின் கடைசியில் இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கினார். அந்த 5 நிமிடத்தில் ரீல்ஸ் பார்த்தால் முறை செத்தது, 5 நிமிடத்தில் முடிகிற ரீல்ஸ் கிடையாது. எழுந்து தண்ணீர் குடியுங்கள், மாடிக்குப் போய் வாருங்கள். டைமருக்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஃபோகஸ் மோட் இருக்கிறது, தேர்ந்தெடுத்த ஆப்களை நிறுத்தி வைக்கும். அதை அணைக்கவும் உங்களுக்கே தெரியும் என்பதுதான் அதன் பலவீனம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அது சும்மா சொல்வது. லண்டனில் 2010-ல் வெளியான ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆயிற்று, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போனது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் போய்விட்டால் திங்கட்கிழமை தொடருங்கள், புலம்ப வேண்டாம்.

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இவ்வளவும் செய்ய நேரமில்லை, ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, உண்மையான நேரத்தில் எழுதுங்கள். பிளஸ் டூ என்றால் காலை 10 மணிக்கு உட்கார்ந்து, 10:15-க்கு எழுதத் தொடங்கி 1:15 வரை; நீட் என்றால் மதியம் 2-லிருந்து 5, 180 கேள்வி. போன் வீட்டில் வேறு யாரிடமாவது இருக்கட்டும், கடிகாரம் கையில். ஹாலில் போன் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் மூன்று மணி நேரம் அது இல்லாமல் தொடர்ந்து உட்கார்ந்தே பழகாமல்தான் பலர் ஹாலுக்குப் போகிறார்கள்.

எழுதும்போது போன் ஞாபகம் வரும் ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, மணியைக் குறியுங்கள். பிறகு திருத்தும்போது அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் விடைகளை முதலில் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தாள் இப்படி எழுதினால் போதும். சந்தேகம் இருந்தால் அந்தத் தாளோடு உங்கள் வாத்தியாரைப் பாருங்கள், எந்த இடத்தில் கவனம் போயிற்று, எந்த இடத்தில் பாடமே தெரியவில்லை என்று அவர் பிரித்துச் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.